செல்லத்தின் போன்

“போனையும் லாப்டாப்பையும் சேர்த்து விட்டுட்டேன், செல்லம். இனிமே ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்.”

“என்ன பேசிக்கும்?”

“நம்மள மாதிரிதான். எங்க இருக்கே, சாப்டியா, எப்ப வருவேன்னு.”

“சண்டையும் போடுமா?”

“அதுக்குத்தான் நீ இருக்கியே. இந்தா, பிடி. இனிமே போனைத் தொலைச்சாலும் உள்ள இருக்கறது எதுவும் போகாது. ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு?”

நான்கு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. அன்று அவள் புதுப் போனை வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்திருந்தாள். நகக்கண்களில் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் பொடி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் பல் செட்டு செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஊரில் உள்ள பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அச்சுகளை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, பல் அடுக்கி, பிளாஸ்டிக்கில் வார்த்துத் தேய்த்து மெருகேற்றித் தருகிற வேலை. கை அழுக்காக இருந்ததால் போனைப் புருஷனிடமே நீட்டி, “நீங்களே என்ன பண்ணணுமோ பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது, புதன்கிழமை பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூடத்தில் கம்ப்ரஸர் பழுதாகிவிட்டது என்று காலை பத்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காற்றழுத்தம் இல்லாமல் அங்கே ஒரு வேலையும் ஓடாது. அவள் வந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். லிஃப்ட் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தே வேலை, ஒரு நாள் மட்டும் கட்டடம் கட்டும் இடத்துக்குப் போவான்.

“செல்லம், வீட்லதானே இருக்கே? என் லாப்டாப்பைத் திறந்து, முன்னாடியே ‘மூணாவது லிஃப்ட் குழி’ன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை எனக்கு மெயில்ல அனுப்பேன். இங்க மேஸ்திரி கத்திட்டிருக்கார்.”

அவள் அனுப்பினாள். கனமான ஃபைல், ஏறுவதற்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டாமல் பக்கத்தில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல். தலைப்பில் ‘செல்லத்தின் போன்’ என்று எழுதியிருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தன் பெயரைக் கடையின் பெயர்ப்பலகையில் பார்த்த மாதிரி ஒரு வேடிக்கைதான். பிறகு வரிகளைப் படித்தாள். காலை எட்டு பத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் அவள் போனில் பார்த்தது. அதற்கு முன் படுக்கையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே பார்த்தது. நேற்று மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில், கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு பார்த்தது. வரிசை மாறாமல், நேரத்தோடு, எல்லாம் அங்கே இருந்தது.

தற்செயலாக இருக்கலாம் என்று மனசு ஒரு நொடி சப்பைக்கட்டு கட்டியது. மடித்து வைத்த துணிமேல் கிடந்த போனை எடுத்து, மனசில் வந்ததைத் தட்டினாள்: ‘ஒட்டகம் ஒரே தடவையில் எவ்வளவு தண்ணீர் குடிக்கும்.’ பதில் வந்தது. அதைப் படிக்காமல் லாப்டாப்பைப் பார்த்தாள். நான்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. பட்டியலின் உச்சியில் ஒட்டகம் வந்து நின்றது.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அவளுடைய புருஷனுக்கு ஒரு பேர் உண்டு. கூடத்தில் எல்லோரும் அவனை ‘ஜோசியர்’ என்பார்கள். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள், அவள் பக்கத்து மேசையில் பல் அடுக்குகிற சுருட்டை. தலைமுடி அப்படி, அதனால் பேர் அப்படி. குதிகால் வலிக்கிறது என்று இவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ஒரு சனிக்கிழமை அவன் மெத்தென்ற செருப்பு ஒன்றை வாங்கி வந்து இவள் காலடியில் வைத்தான். சாம்பல் நிறத்தில் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற மழைக்கோட்டு வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே அது வாசலுக்கு வந்தது. தூக்கம் வராமல் தவித்த மாதத்தில், காரணமே கேட்காமல், சாயங்காலம் தேநீர் போடுவதை நிறுத்திவிட்டு வெந்நீர் கொடுத்தான். “எப்படித் தெரிஞ்சுது?” என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவன் தன் நெஞ்சில் ஒரு விரலை வைத்துக் காட்டுவான். ஒரு தடவைகூட லாப்டாப்பைக் காட்டவில்லை.

இந்தக் கதைகளையெல்லாம் அவள் மறுநாள் கூடத்துக்குக் கொண்டுபோவாள். சுருட்டை மெழுகுக் கத்தியைச் சுடர்மேல் பிடித்தபடி பெருமூச்சு விடுவாள். “உனக்கு வாய்ச்சது மனுஷனா, ஜோசியரா? எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு பாரு. நான் இடுப்பு வரைக்கும் இருந்த முடியைக் காதோட வெட்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள் கழிச்சு, ‘ஏதோ குறையுதே, ரூம்ல பல்பு ஏதாவது போச்சா?’ன்னு கேக்குது.”

இவள் சிரித்துக்கொண்டே பெருமைப்படுவாள். அந்தப் பெருமையில்தான் மோசம் போனாள். எதையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆன வீட்டில், கேட்கிற பழக்கமே மெல்ல அவளை விட்டுப் போய்விட்டது. வேண்டியது வந்துவிடும். வரவில்லையென்றால், அது அவ்வளவாக வேண்டியதில்லை போலிருக்கிறது என்று தானே முடிவு கட்டிக்கொள்வாள். உப்புக் குறைந்தால்கூட, அவன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் ஒன்று மட்டும் வரவேயில்லை. இரண்டு வருஷமாக வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் அப்பாவின் பல் செட்டை வாங்கிப்போகக் கூடத்துக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பேசும்போது எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பியே நின்றாள். அவளுடைய இடது கண் செயற்கைக் கண். சற்றே மேலே பார்த்த மாதிரி, நிறம் ஒட்டாமல், வேறு யாருடைய முகத்துக்கோ செய்ததை இவளுக்கு வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் போன பிறகும் அது அவள் கண்ணைவிட்டு அகலவில்லை. நாம் ஈறு வார்க்கிற அதே பிளாஸ்டிக்தானே அது, என்று தோன்றியது. ஒரு பல்லுக்கு ஏழு வகை வெள்ளை வைத்துப் பொருத்துகிறோமே, ஒரு கண்ணுக்கு இவ்வளவு அலட்சியமா? அன்று வீட்டுக்குப் போகிற பேருந்தில் தேடினாள். வேறொரு ஊரில், ஒரு பெரிய கண் மருத்துவமனையில், செயற்கைக் கண் செய்யப் பத்து மாதப் பயிற்சி இருந்தது. பல் வேலை தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. வருஷத்துக்கு ஆறே பேர். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியின் இணையப் பக்கத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. சாமி படத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். கருவிழியை அடுக்கடுக்காக எப்படி வரைகிறார்கள், வெள்ளைப் பகுதியில் ரத்த நாளத்துக்காகச் சிவப்புப் பட்டு நூலை மயிரிழையாகப் பிரித்து எப்படி ஒட்டுகிறார்கள் என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். அவனிடம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்தாள். குளிக்கும்போது ஒரு மாதிரி, பேருந்தில் ஒரு மாதிரி. ஆனால் சொல்லவில்லை. அவளுக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. குதிகால் வலியைக் கண்டுபிடித்தவன் இதைக் கண்டுபிடிக்க மாட்டானா? ஒரு நாள் அவனே வந்து, ‘போய்ட்டு வா செல்லம்’ என்று சொல்லட்டும், அதுதான் அழகு என்று காத்திருந்தாள். அவன் சொல்லாமலிருந்த ஒவ்வொரு மாதமும், நம் ஆசை அவனுக்கு எட்டும் அளவுக்குப் பெரிசாக இல்லை போலிருக்கிறது என்று ஆசையைத்தான் குறை சொன்னாள்.

ஃபைல் போய்விட்டது. “வந்துடுச்சு, தேங்க்ஸ் செல்லம்” என்று அவன் பதில் போட்டான். “மூணு மணிக்கு ஆசாரியைக் கூட்டிட்டு வரேன். கிச்சன் அளவு எடுக்க.”

அவள் மெயிலை மூடிவிட்டு, கணக்கின் பழைய பதிவுகளுக்குள் போனாள். வழி தெரியாமல் இரண்டு தடவை முட்டிக்கொண்டாள். பிறகு கிடைத்தது. வருஷக்கணக்கில் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னப் படம். போனாக இருந்தால் அவள் பார்த்தது, லாப்டாப்பாக இருந்தால் அவன் பார்த்தது. இரண்டு பேருடைய வரிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக, ஒரே தட்டில் பரிமாறியது போலக் கலந்து கிடந்தன.

போன வருஷத்துக்குப் போனாள். அவள் யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள், நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை. அந்த வாரத் தொடக்கத்தில் எப்படியாவது சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு அவன் ஒரு உறையை நீட்டினான். கடலோரத்தில் ஐந்து நாள். செவ்வாய் போய்ச் சனிக்கிழமை திரும்புவது. “நீ ஓஞ்சு போயிருக்கேம்மா. உன் கூடத்துல நானே பேசி லீவு வாங்கிட்டேன்” என்றான். அவன் முகம் குழந்தை மாதிரி பூரித்திருந்தது. பாவம், இவனுக்கு என்ன தெரியும், இந்த முகத்தை எப்படி வாட வைப்பது என்று அவள் நேர்முகத் தேர்வை விழுங்கிக்கொண்டாள். அந்த ஐந்து நாள் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணம் ஆன ஆறு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று அவள் சொன்னாள், ஒரு தடவை அல்ல. அலை வந்து காலை இழுக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூட அழுதாள்.

பதிவு இப்படி இருந்தது. போன் படம், காலை எட்டு பன்னிரண்டு: நேர்முகத் தேர்வு, தேதி, வரும் வழி. லாப்டாப் படம், காலை ஒன்பது இருபது: அதே பக்கம். லாப்டாப் படம், ஒன்பது நாற்பது: கடலோர விடுதி, இருவர், செவ்வாய் முதல் சனி வரை.

இருபது நிமிஷம். ஒரு மனுஷியின் வாழ்க்கையை மடித்து ஓரமாக வைக்க இருபது நிமிஷம் போதுமா?

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த இரண்டு கோப்பைகளை மறுபடி கழுவினாள். கடல், அலை, அழுகை எல்லாம் அவன் போட்ட வரைபடம்தானா? லிஃப்ட் குழிக்கு அளவு போடுகிற மாதிரி எத்தனை அடி இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்துப் போட்டிருக்கிறான். அவன் சத்தம் போட்டு, ‘போகக்கூடாது’ என்று சொல்லியிருந்தால் எதிர்த்துச் சத்தம் போட்டிருக்கலாம். கடலைக் காட்டி வாயை அடைத்தால் ஒருத்தி என்ன செய்வாள்?

சுருட்டையைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

“அடிப்பாவி,” என்றாள் சுருட்டை. “அப்ப நாலு வருஷமா பரீட்சையில முதல் மார்க்கு வாங்கினதெல்லாம் பிட்டு வெச்சு எழுதினதா?”

“சிரிக்காதே. எனக்கு வயிறு எரியுது.”

“சிரிக்கலைடி. எங்க வீட்டுது மக்குன்னு இவ்வளவு நாளா திட்டிக்கிட்டு இருந்தேன். மக்கா இருந்தாலும் சொந்தமா எழுதுது.” பிறகு குரல் மாறியது. “சரி, நீ ஏன் வாயைத் திறந்து கேக்கலை?”

அவளுக்குச் சுருக்கென்றது. “உனக்கு வேலை இருக்கும், வெச்சுடு” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சுருட்டைக்குத் தெரியாத ஒன்று, அவனுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. கூடத்தில் அவளுடைய மேசை இழுப்பறையில், பஞ்சு சுற்றி, பதினோரு கருவிழிகள் இருந்தன. சட்டைப் பொத்தான் அளவுப் பிளாஸ்டிக் வட்டங்களில் அவள் வரைந்து பழகியவை. முதல் ஐந்தும் மாட்டுக் கண். ஒன்பதாவதிலிருந்து பரவாயில்லை. அதை எங்கும் தேடவில்லை, எங்கும் தட்டவில்லை, அதனால் அது எந்தப் பட்டியலிலும் இல்லை. இதை நினைத்தபோது மட்டும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

மூன்று மணிக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

அவனோடு வந்த தச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், கையில் இரும்பு டேப். செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய், அலமாரிக் கதவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தார். “எல்லாம் ஊறிப்போச்சுங்க. இந்தக் கீலு இருக்கே, சாமி கும்பிட்டுத்தான் நிக்குது.”

“பார்த்தியா செல்லம்? ரொம்ப நாளா நீ படற கஷ்டம்” என்றான் அவன். வெயிலில் வந்த முகம் சிவந்திருந்தது. பதினைந்து நாளாக இதே உற்சாகம்தான். புதுச் சமையலறை, உனக்காக, மொத்தமும் உன் இஷ்டம்.

“அம்மா, மேடை எவ்வளவு உசரத்துல வேணும் உங்களுக்கு?” தச்சர் உள்ளிருந்து கேட்டார்.

“அவரைக் கேளுங்கண்ணே. எனக்கு என்ன வேணும்னு எனக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சுடும்.”

தச்சர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மேசைமேல் திறந்து கிடந்த லாப்டாப்பைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஒட்டகம் எவ்வளவு தண்ணி குடிக்கும் தெரியுமாங்க?” என்றாள் அவள். “தெரிஞ்சிருக்குமே. பன்னெண்டரைக்கே வந்திருக்குமே உங்களுக்கு.”

“செல்லம்…”

“அப்படிக் கூப்பிடாதீங்க. அது போனோட பேரு.”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “நான் எதையும் மறைக்கலைம்மா. அன்னிக்கே சொன்னேனே, ரெண்டும் பேசிக்கும்னு. உன் போன்லயும் என் லாப்டாப்புல நான் பார்க்கறது எல்லாம் தெரியும். நீ பார்த்திருக்கலாம்.”

“அப்படி ஒரு கதவு இருக்குன்னே எனக்குத் தெரியாதே! நாலு வருஷமா நீங்க மட்டும் அது வழியா வந்து போயிட்டு, ‘பூட்டலையே’ன்னு சொல்றீங்களா?”

“உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான்… செருப்பு வாங்கினேன், தப்பா? கோட்டு வாங்கினேன், தப்பா?”

“கடல்?”

ஒரே ஒரு வார்த்தைதான். சமையலறையில் டேப் சரசரவென்று நீளும் சத்தம் கேட்டது. “எட்டடி நாலங்குலம்” என்று தச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“எட்டு பன்னெண்டுக்கு நான் பார்த்தேன். ஒன்பது இருபதுக்கு நீங்க பார்த்தீங்க. ஒன்பது நாப்பதுக்குக் கடல்.” அவள் குரல் உயர்ந்தது. “நான் அங்க அழுதேங்க. உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இந்த மாதிரி ஒருத்தர் எனக்குக் கிடைச்சாரேன்னு அழுதேன். அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? உள்ள என்ன நினைச்சீங்க? பரவாயில்லை, வியாழக்கிழமை தாண்டிடுச்சுன்னா?”

அவன் தலை குனிந்தான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் அதற்காகவும் கோபப்பட்டிருப்பாள். போனை எடுத்தாள். அவன் சொன்ன கதவைத் தேடினாள். மூன்று கோடு போட்ட மூலை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் ஒன்று. அவனுடைய லாப்டாப் அங்கே இருந்தது. உண்மைதான், இத்தனை நாளும் அவள் கைப்பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கீழே தள்ளிக்கொண்டே போனாள். லிஃப்ட், கம்பி வடம், கட்டட விதிகள். பதினாறு நாளுக்கு முன்னால் அந்தப் பயிற்சியின் இந்த வருஷ அறிவிப்பு. விண்ணப்பிக்கக் கடைசி நாள், வரும் வெள்ளிக்கிழமை. அதற்கு மேலே, அதே நாளில் அவன் தேடியவை. சத்தமாகப் படித்தாள்.

“‘பத்து மாதத்துக்கு எத்தனை வாரம்.’ ‘ஒரு ஆளுக்கு மட்டும் சமைப்பது எப்படி.’ ‘சனிக்கிழமை காலை ரயில்.’ அந்த ஊருக்கு. ‘ஞாயிறு சாயங்காலம் திரும்பும் ரயில்.’” அவள் நிறுத்தினாள். “நீங்க ரயில் பார்த்திருக்கீங்க.”

“பார்த்தேன்.”

“வாராவாரம் வந்து போக முடியுமான்னு பார்த்திருக்கீங்க.”

“ஆமா.”

“அடுத்த நாளே ‘சமையலறை மாற்றி அமைக்க நல்ல தச்சர்.’”

உள்ளே தச்சர் இருமினார்.

இதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அவன் கல்நெஞ்சக்காரனாக இருந்திருந்தால் ஒரு வழியாகத் தொலைந்தது என்று இருக்கலாம். இவன் அவளுக்காகச் ‘சரி’யின் வாசல் வரைக்கும் போய், ரயிலின் நேரம்கூடக் குறித்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பி வந்திருக்கிறான். அந்த முழுப் பயணத்திலும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைப் பற்றிய சண்டை, சமாதானம், முடிவு எல்லாம் அவனுக்கும் அவளுடைய போனுக்கும் நடுவிலேயே முடிந்துவிட்டது.

“நீ கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே.

“என்ன?”

“உன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு வராதும்மா. என்னிக்காவது சொல்லியிருக்கேனா? நீ வாயைத் திறந்து கேட்டுட்டா நான் சரின்னுதான் சொல்லணும். அதான்…” நாற்காலியின் முதுகை நகத்தால் சுரண்டினான். “கேக்கறதுக்கு முன்னாடியே ஏதாவது குடுத்துட்டா நீ கேக்க மாட்டேன்னு… நீ காலையில போனா சாயங்காலம் வர வரைக்கும் நான் ஒரு ஆள்கிட்ட வாயைத் திறந்து பேசறதில்லை. உனக்குத் தெரியுமா? மெயில்தான். நீ வந்து, ‘இன்னிக்குச் சுருட்டை என்ன சொன்னா தெரியுமா’ன்னு ஆரம்பிக்கறப்பதான் எனக்கு அன்னிக்குப் பொழுதே விடியும். நீ இல்லாத நேரத்துல உன் போன் என்ன பார்க்குதுன்னு பார்த்துட்டு இருப்பேன். பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்.”

“அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே!” அவள் கத்தினாள். “‘தனியா இருக்க பயமா இருக்கு, போகாதே’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே! நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், போகாமக்கூட இருந்திருப்பேன். ஆனா அது நான் எடுத்த முடிவா இருந்திருக்கும். எனக்குக் கடலும் வேணாம் கிச்சனும் வேணாங்க, அதைக் குடுத்திருக்கலாமே நீங்க!”

சமையலறை வாசலில் தச்சரின் தலை தெரிந்தது. “நான் வேணா நாளைக்கு வரட்டுங்களா?”

“வாங்கண்ணே” என்று அவன் ஏதோ உளறினான்.

“நீங்க இருங்கண்ணே” என்றாள் அவள். “இந்த வீட்டுல வாயால பேசறதைக் கேக்கறதுக்கு ஒரு ஆளாவது இருக்கட்டும்.”

தச்சர், “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார். அலமாரியின் ஆழம் பார்ப்பதற்காக ஒரு கதவைக் கழற்ற ஆரம்பித்தார். திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கல்மேடையில் விழுந்தன.

அவள் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். வார்த்தைகளுக்காக உள்ளே தேடினாள். இரண்டு வருஷமாக எத்தனை வாக்கியம் அமைத்திருந்தாள்! பணிவாக, செல்லமாக, சமாதானமாக, முதுகைத் தடவிக்கொண்டு சொல்வது மாதிரி. ஒன்றுகூட இப்போது உதவவில்லை. சுருட்டை கேட்ட கேள்வி காதில் நின்றது. அவன் பார்த்தது குற்றம். ஆனால் இவ்வளவு பெரிய ஆசையை வைத்துக்கொண்டு ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தது யார்? அவன் கண்டுபிடித்து எடுத்துக்கொடுக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தது யார்? அவன்மேல் இருந்த கோபத்துக்கு அடியில், அதைவிடச் சூடாகத் தன்மேலேயே ஒரு கோபம் கொதித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்ணு வேணும்” என்றாள்.

“தெரியும்மா” என்றான் அவன் மெதுவாக. “நான்—”

“தெரியும்னு சொல்லாதீங்க!” கையை ஓங்கி மேசையில் அடித்தாள். “உங்களுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவர் மாதிரி உக்காருங்க. அந்தப் பெட்டியை மூடுங்க. என் மூஞ்சியைப் பாருங்க.”

அவன் லாப்டாப்பை மூடினான். அவளைப் பார்த்தான். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல், பார்த்துத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒன்றும் இல்லாமல், வெறும் முகத்தைப் பார்த்தான்.

“நான் கண்ணு செய்யக் கத்துக்கணும்” என்றாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. “பத்து மாசம். வேற ஊரு. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிப் போடப்போறேன். அதுக்கு உங்க அனுமதியைக் கேக்கலை. அவங்க என்னை எடுத்துக்கிட்டா, நீங்க ஸ்டேஷனுக்கு வரணும். என் பெட்டியை நீங்க தூக்கி வெக்கணும். வண்டி கிளம்பற வரைக்கும் ஜன்னல்கிட்ட நிக்கணும். என்னை ரயிலேத்தி விடணுங்க. விடுவீங்களா?”

சமையலறை வாசலில் தச்சர், கழற்றிய கதவை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, அதை எங்கே சாய்த்து வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.